மலைநாட்டில் முருகன் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் ஊவா மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் அறநெறி வகுப்பு நடத்தி வருகிறேன். அங்கே பிள்ளைகளும், அவர்களை அழைத்துவரும் தாய்மாரும், தெற்கேயுள்ள முருகன் தலமான கதிர்காமத்துக்குப் புறப்படுவோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே கதையை அப்பாயி ஒருவிதமாகவும், சைவநெறிப் பாடநூல் இன்னொருவிதமாகவும், கதிர்காமத்துக் கடைத்தெருவில் வாங்கிய சிறு புத்தகம் மூன்றாவது விதமாகவும் சொல்வதனால்தான் இவற்றில் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன. ஆகவே ஒரு கதை எந்த நூலில் அல்லது எந்தத் தலத்தில் வேர்கொண்டது என்பதையும் இயன்றவரை சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

முருகனை மலைக்குரிய தெய்வம் என்று சொல்வது எதனால்?

தொல்காப்பியம் நிலங்களை வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தைச் சொல்லும்போது, மேகம் தவழும் மலையுலகத்தைச் சேயோனுக்கு உரியதாகச் சொல்கிறது. சேயோன் என்றால் செந்நிறத்தவன், அவனே முருகன். சங்கப் பாடல்களில் அவன் தினை விளையும் குறிஞ்சி நிலத்துக் குறவரின் தெய்வம். வேலேந்திய பூசாரியான வேலன் சாமியாடி வெறியாடுவதும், வேங்கைப்பூச் சூடுவதும், தேனும் தினைமாவும் படைப்பதும் அவனுக்காகவே.

பத்துப்பாட்டில் முதலாவதாக வைக்கப்பட்ட திருமுருகாற்றுப்படை அவன் உறையும் ஆறு இடங்களைப் பாடுகிறது. பரங்குன்றம், அலைவாய், ஆவினன்குடி, ஏரகம், பழமுதிர்சோலை ஆகிய ஐந்தும் ஊர்ப்பெயர்களாக நிற்க, பழமுதிர்சோலைக்கு முன் வரும் ஐந்தாவது இடம் மட்டும் 'குன்றுதோறாடல்' எனப்படுகிறது. பிற்காலத்தார் அதைத் திருத்தணிகை என்று கொண்டார்கள். சொல்லை அப்படியே படித்தால், அவன் குன்றுகள்தோறும் ஆடுகிறான் என்பதே அதன் பொருள். குன்று என்று ஒன்று இருக்குமானால் அதற்கு இந்தச் சொல்லில் இடமுண்டு; நம்முடைய தேயிலை மலைகளுக்கும் உண்டு என்றே நான் எண்ணுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குன்றில் கோயில் எழுப்பியவர்கள் அங்கிருக்கும் முருகனைக் குறிஞ்சிக் குமரன் என்று அழைத்ததில் இந்தப் பழைய நினைவு அப்படியே இருக்கிறது.

அப்படியானால் தோட்டங்களில் மாரியம்மன் கோயில்களே அதிகம் இருப்பது ஏன்?

நம் முன்னோர் மலையில் பிறந்தவர்கள் அல்லர். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும் அவற்றின் பின் வந்த தேயிலைக்கும் ஆட்களாகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சமவெளி ஊர்க்காரர்கள். மழைக்கும் அம்மை நோய்க்கும் அவர்கள் வேண்டிக்கொண்ட தெய்வம் மாரியம்மன். காட்டுக்கும் எல்லைக்கும் காவல் முனி. வந்த இடத்தில் தொழிலை ஒட்டிப் புதிய சாமிகளும் தோன்றின. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு அருகே ரோதைமுனி இருக்கிறார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துசாமிக்குப் பூசை வைக்கிறார்கள்.

முருகன் இவர்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு வேலாக வந்து சேர்ந்தான். அம்மன் கோயிலின் ஒரு பக்கத்தில் நட்டுவைத்த வேலும், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயக்காம்பிராவின் சுவரில் மாட்டிய பழைய நாட்காட்டிப் படமும்தான் பல தோட்டங்களில் அவனுடைய முதல் சந்நிதிகள். அந்தப் படத்துக்குக் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஊதுபத்தி காட்டிய ஆத்தாமாரில் யாரும் அதைச் சிறிய வழிபாடு என்று நினைத்ததில்லை.

ஆறு முகங்கள் எப்படி வந்தன?

சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து எழுந்த ஆறு தீப்பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாயின. கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டினர். பார்வதி அறுவரையும் சேர்த்தெடுத்து அணைக்க, ஆறு முகமும் பன்னிரு தோளும் கொண்ட ஒருவனானான். கார்த்திகேயன் என்ற பெயர் வளர்த்த தாய்மாரால் வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்கிறேன். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய்விட, அம்மாயியிடம் வளரும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்.

கந்தபுராணத்தை முருகனே திருத்திக் கொடுத்தான் என்பது உண்மையா?

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் பூசை செய்த கச்சியப்ப சிவாசாரியார் 10,345 செய்யுட்களில் கந்தபுராணத்தைப் பாடினார். அவர் நாளுக்கு நூறு செய்யுளாக எழுதி, இரவில் ஏட்டைச் சந்நிதியில் வைத்து நடையைச் சாத்துவார் என்றும், காலையில் திறந்தால் திருத்தங்கள் எழுதப்பட்டிருக்கும் என்றும் கதை சொல்கிறது. முதல் அடியின் முதற்சொல்லான 'திகட சக்கர' என்பதே முருகன் எடுத்துக் கொடுத்தது என்பார்கள்.

அரங்கேற்றத்தில் அந்தச் சொல்லே சிக்கலானது. 'திகழ்', 'தச' என்ற இரு சொற்களும் சேர்ந்து 'திகட' என்று புணர இலக்கணத்தில் விதியில்லை என்று ஒரு புலவர் தடுத்தார். சொல் தம்முடையது அன்று, இறைவனுடையது என்றார் கச்சியப்பர். அப்படியானால் அந்த இறைவனே வந்து விதி காட்டட்டும் என்று சபை கலைந்தது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலோடு வந்து, அதிலிருந்த விதியைக் காட்டி மறைந்தார். வந்தவன் முருகனே என்பது கதையின் முடிவு.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, கடவுள் சொன்ன சொல்லாயிற்றே என்று யாரும் வாயை மூடிக்கொள்ளாததுதான். கேள்வி கேட்டவரை முருகன் தண்டிக்கவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இந்தப் புராணத்தை ஒருவர் படிக்க ஒருவர் பயன் சொல்லும் புராணபடன வழக்கம் ஆழமாக வேர்விட்டது. மலைநாட்டில் அந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. இங்கே கதை கூத்தாகவும் கும்மியாகவும் அப்பாயியின் வாய்மொழியாகவுமே இறங்கியது.

சூரபத்மன் ஆண்ட ஊர் இலங்கைதானா?

பெரியவர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கந்தபுராணத்தைத் திறந்து பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது. சூரனின் தலைநகர் தென்கடலில் இருந்த வீரமகேந்திரபுரி. முருகனின் தூதனாக வீரவாகு தேவர் கடலைத் தாண்டிச் செல்லும் வழியில் முதலில் எதிர்ப்படுவதே இலங்கை. அங்கே காவலிருந்த அசுரரை வென்று, இலங்கையைக் கடலில் அழுத்திவிட்டு, அதன் பிறகுதான் மகேந்திரபுரிக்குப் போகிறார். அதாவது, நூலின்படி இலங்கை சூரனின் வாயிற்காவல். அவன் அரண்மனை இன்னும் அப்பால். போர் முடிந்தபின் முருகன் வருணனை ஏவி மகேந்திரபுரியைக் கடலில் ஆழ்த்தியதாகவும் நூல் சொல்வதால், அந்த ஊரை இன்றைய படத்தில் தேடுவதற்கு வழியில்லை.

நுவரெலியாப் பிள்ளைகள் இதோடு இராவணனையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். சீதையைச் சிறைவைத்த இடமாகச் சொல்லப்படும் சீதாஎலியா பக்கத்தில் இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இராவணன் இராமாயணத்துக்கு உரியவன். சூரன் கந்தபுராணத்துக்கு உரியவன். இரண்டு போர்கள், இரண்டு நூல்கள்.

சூரனை முருகன் கொன்றானா, கொல்லவில்லையா?

சூரசங்காரம் என்ற பெயரைக் கேட்டுக் கொன்றான் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். கதையின்படி, தம்பியர் தாரகனும் சிங்கமுகனும் மாண்டபின் தனித்து நின்ற சூரன் கடைசியில் கடல் நடுவே மாமரமாகி நின்றான். வேல் அதை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் எதிர்த்து வர, முருகன் அவற்றைப் பார்வையால் அடக்கி, மயிலை ஊர்தியாகவும் சேவலைக் கொடியாகவும் ஏற்றுக்கொண்டான். பகைவனைத் தன்னோடு என்றும் வைத்துக்கொண்ட தெய்வம் என்பதால்தான் இந்தப் போர்க்கதை பக்திக்கதையாக நிற்கிறது.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் இதை நடித்துக் காட்டுவார்கள். எங்கள் கோயிலில் சூரனுக்கு மரத்தலைகள் இல்லாத காலத்தில் கடதாசியும் கோதுமைமாப் பசையும் கொண்டு தலை செய்தோம். ஐப்பசி மழையில் சிங்கமுகனின் முகம் போருக்கு முன்பே கரைந்து வழிந்தது. அடுத்த ஆண்டு முதல் பொலித்தீன் உறை போட்டுத்தான் சுமக்கிறோம்.

வள்ளி பிறந்தது கதிர்காமத்திலா, இந்தியாவிலா?

இதுதான் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கேட்கப்படும் கேள்வி. இதற்கு நீண்ட பதில்தான் சொல்ல வேண்டும்.

கந்தபுராணத்தின்படி வள்ளியும் தெய்வானையும் முற்பிறப்பில் திருமாலின் புதல்வியரான சுந்தரவல்லியும் அமுதவல்லியும். முருகனை மணக்கத் தவமிருந்த இருவரில் அமுதவல்லி தெய்வானையாகி, ஐராவதம் வளர்க்க, இந்திரனின் மகளாகத் திருப்பரங்குன்றத்தில் மணமுடித்தாள். சுந்தரவல்லி வள்ளிமலையில் ஒரு மானின் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடக்க, வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்த்தான். அந்த வள்ளிமலை தமிழ்நாட்டின் வேலூர்ப் பக்கத்தில் இருக்கிறது.

வளர்ந்தவள் பரண்மேல் நின்று கவண்கல் எறிந்து தினைப்புனம் காத்தாள். நாரதர் சொல்லக் கேட்டு முருகன் வேடனாக வந்து வழிதவறிய மானைக் கேட்பவன்போல் பேச்சுக் கொடுத்தான். தகப்பன் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாகி நின்றான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று வேடர்கள் வெட்டப் போக, நம்பி தடுத்தான். பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டு, கடைசியில் கலியாணமும் கேட்டான். வள்ளி கோபித்துத் திரும்பியபோது அண்ணன் விநாயகரை நினைக்க, அவர் யானையாக வந்து மிரட்டினார். பயந்தவள் ஓடிவந்து கிழவனையே கட்டிக்கொண்டாள். பின்னர் இரவில் அவளை அழைத்துப் போனதும், துரத்தி வந்த வேடர் சேவல் கூவியதில் மாண்டதும், வள்ளியே அவர்களை எழுப்பியதும், ஊரறிய மணம் முடித்துத் திருத்தணிகைக்குச் சென்றதும் நூலில் விரிவாக உண்டு.

கதிர்காமத்து மரபு இதே கதையை மாணிக்க கங்கைக் கரையில் வைத்துச் சொல்கிறது. வள்ளியை வளர்த்தவர்கள் அந்தக் காட்டு வேடர்கள். யானை வந்த இடம் இன்று பிள்ளையார் கோயில் இருக்கும் செல்லக் கதிர்காமம். இலங்கை வேடர் சமூகம் வள்ளியைத் தங்கள் பெண்ணாகவும் முருகனைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவும் கொண்டாடுகிறது. ஆடித் திருவிழாவில் இரவுதோறும் யானைமேல் ஏறும் முருகனின் பேழை, பெரிய கோயிலிலிருந்து வீதியின் மறுகோடியிலுள்ள வள்ளியம்மன் கோயிலுக்கே போகிறது. பக்கத்திலேயே தெய்வானையம்மன் கோயில் இருக்க அதைக் கடந்து போவது ஏன் என்று கேட்டால், பெண்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

ஆகவே, 'எங்கே பிறந்தாள்' என்று பரீட்சையில் கேட்டால் பிள்ளைகள் வள்ளிமலை என்று எழுத வேண்டும். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் நிற்கும்போது இங்கேதான் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச வேண்டியதில்லை. முன்னது நூலின் கூற்று, பின்னது தலத்தின் கூற்று. இரண்டையும் கலந்து, வள்ளிமலை ஊவாவில் இருக்கிறது என்று சொல்வதுதான் பிழை.

கதிர்காமத்தில் முருகன் சிலையை ஏன் காட்டுவதில்லை?

அங்கே கருவறையில் பக்தர் காண்பது திரைச்சீலை. மயில்மேல் இரு தேவியரோடு முருகன் இருக்கும் ஓவியம் அதில் உண்டு. உள்ளே பேழையில் இருப்பது யந்திரம் என்னும் தெய்வக் கோலம் பொறித்த தகடு என்பது மரபு. பூசை செய்பவர் கப்புறாளை. அவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல் பூசை செய்கிறார்.

யந்திரத்தைப் பற்றிய கதையின் நாயகர் கல்யாணகிரி என்னும் வடநாட்டுத் துறவி. முருகனை மீண்டும் வடக்கே அழைத்துப் போவதற்காக வந்தவர், பன்னிரண்டு ஆண்டுகள் காட்டில் தவமிருந்தார். வேட்டுவச் சிறுவன் ஒருவனும் சிறுமி ஒருத்தியும் அவருக்குப் பணிவிடை செய்தார்கள். தவம் முடியும் தறுவாயில் களைத்து உறங்கியவரை அந்தச் சிறுவன் தட்டி எழுப்ப, சினத்தோடு துரத்தினார். ஓடிய பையன் ஆற்றிடையே நின்று திரும்பியபோது முருகனாக நின்றான். துறவி வரம் கேட்க வாய் திறக்குமுன் வள்ளி முன்வந்து, கணவனைக் கொண்டுபோக வேண்டாம் என்று மாங்கல்யப் பிச்சை கேட்டாள். கேட்க வந்தவர் கொடுத்துவிட்டு, அங்கேயே தங்கி யந்திரத்தை நிறுவினார்.

சொந்த ஊருக்கு அழைத்துப் போக வந்தவர் போகாமல் தங்கிவிட்ட கதை இது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிப் போனவர்களையும் போகாமல் இருந்துவிட்டவர்களையும் ஒரே லயத்தில் கண்ட வயதானவர்கள், இந்த இடம் வரும்போது சற்றுப் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காவடி எடுப்பதற்குக் காரணமான கதை எது?

கயிலையிலிருந்து சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தெற்கே கொண்டுவர அகத்தியர் விரும்பினார். அந்த வேலையை ஏற்றவன் இடும்பன். சூரபத்மன் கூட்டத்தாருக்கு வில்வித்தை கற்பித்து, போரில் தப்பியவன். நீண்ட தண்டின் இரு முனைகளிலும் பாம்புகளைக் கயிறாக்கிக் குன்றுகளைக் கட்டித் தோளில் சுமந்து வந்தான். ஆவினன்குடிக்கு அருகே இறக்கி இளைப்பாறிவிட்டு மீண்டும் தூக்கியபோது ஒன்று அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணத்தோடு ஒரு சிறுவன், குன்று தனதென்று நின்றான். சண்டையில் இடும்பன் இறந்தான். மனைவி இடும்பியின் வேண்டுதலால் உயிர்பெற்றான். தன்னைப்போல் தோளில் சுமந்து வருவோருக்கு அருள வேண்டும் என்றும், தான் வாயிலில் காவல் நிற்க வேண்டும் என்றும் வரம் பெற்றான். பழனி மலை ஏறும் வழியில் அவனுக்குக் கோயில் உண்டு.

காவடியின் வடிவம் கதையை அப்படியே காட்டும். குறுக்குத் தண்டு இடும்பனின் தண்டு. இருபுறமும் தொங்கும் பால்செம்புகள் இரண்டு மலைகள். செம்பின் வாயை வாழையிலையால் மூடி மஞ்சள் நூலால் இறுகக் கட்டும்போது, நூல் மூன்று சுற்றுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பாதை ஏற்ற இறக்கமானது, தப்புச் சத்தத்துக்கு ஆடுபவர் குனிந்து நிமிரும்போது தளர்ந்த கட்டு பாலைச் சிந்திவிடும்.

பழத்துக்காக முருகன் கோபித்துக்கொண்டது சரியா?

இந்தக் கேள்வியைத் தம்பி தங்கையோடு பிறந்த பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். மயிலேறி உலகைச் சுற்றி வந்தவனுக்கு முன், பெற்றோரைச் சுற்றிய விநாயகர் பழத்தைப் பெற்றுவிட்டார். முருகன் ஆண்டியாகி மலைமேல் போய் நின்றான். இது பழனித் தலத்தோடு சேர்ந்த கதை. 'நீயே பழம்' என்று சமாதானம் சொன்னதால் பழனி என்ற பெயர் வந்தது என்பார்கள். சரியா என்று கேட்டால், சுற்றச் சொன்னபடி சுற்றியவன் அவன் ஒருவனே என்பதைப் பிள்ளைகள் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஒளவையிடம் 'சுட்ட பழமா, சுடாத பழமா' என்று கேட்டதன் பொருள் என்ன?

மாடு மேய்க்கும் சிறுவனாக நாவல் மரத்தில் இருந்த முருகன் கேட்ட கேள்வி அது. ஒளவை சுடாத பழம் கேட்டார். விழுந்ததில் ஒட்டிய மணலை ஊதியபோது, 'பழம் சுடுகிறதா பாட்டி' என்றான். பழமுதிர்சோலையில் நடந்ததாகச் சொல்வார்கள். கதை பேச்சுவழக்கில் வளர்ந்தது; அதை விளக்கினால் சுவை போய்விடும்.

நக்கீரர் குகையில் அடைபட்ட கதை திருமுருகாற்றுப்படையில் உண்டா?

இல்லை. 317 அடிகளிலும் அந்தக் குகை வராது. நூல் எழுந்த காரணமாகப் பின்னால் சொல்லப்பட்ட கதை அது. குளக்கரையில் வழிபாட்டிலிருந்த நக்கீரர், பாதி நீரிலும் பாதி நிலத்திலும் விழுந்த இலை ஒன்று மீனாகவும் பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுப்பதைக் கண்டு கவனம் சிதறினார். வழிபாட்டில் வழுவியவர் ஆயிரம் பேரைச் சேர்த்து உண்ணக் காத்திருந்த பூதம், ஏற்கெனவே 999 பேரை அடைத்திருந்த குகைக்குள் அவரைத் தள்ளியது. அவர் பாட, முருகன் வேலால் குகையைப் பிளந்து அனைவரையும் விடுவித்தான். ஒருவரின் பாட்டு மற்ற 999 பேருக்கும் கதவு திறந்ததைச் சொல்லாமல் கதையை முடிக்காதீர்கள்.

அருணகிரிநாதர் கதிர்காமம் வந்தாரா?

அவர் 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர். வாழ்வை வெறுத்து வல்லாள மகாராசன் கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கி, பாடப் பணித்தான் என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. திருப்புகழில் கதிர்காமத்துப் பாடல்கள் பல உண்டு, திருக்கோணமலைக்கும் உண்டு. பாடல் இருப்பதனால் நேரில் வந்தார் என்று பலர் கொள்கிறார்கள். பாடல் மட்டும் அதற்குச் சான்றாகாது என்பது என் கருத்து. அவர் வந்த பாதை இதுதான் என்று காட்டுவோரை நம்ப வேண்டியதில்லை. அந்தப் பாடல்களை அங்கே நின்று பாடுவதற்கு அதனால் ஒரு தடையும் இல்லை.

மலையிலிருந்து கதிர்காமம் போவோர் வழியில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஊவாப் பக்கத்தார் வெல்லவாயவுக்கு இறங்கி, தணமல்வில, திஸ்ஸ வழியாகப் போகலாம். புத்தளைக் காட்டுப்பாதையிலும் போகலாம். காட்டுப்பாதையில் பழத்துக்குப் பழகிய யானைகள் நடுவீதியில் நின்று வாகனங்களை மறிக்கும். வள்ளியை மிரட்டிய பிள்ளையார் என்று கும்பிட்டுவிட்டு யன்னல் வழியாக வாழைப்பழத்தை நீட்டுவோர் உண்டு. தயவுசெய்து நீட்டாதீர்கள், தும்பிக்கை பழத்தோடு நிற்பதில்லை. மலைக்குளிருக்குப் பழகியவர்கள் கதிர்காம வெயிலில் முதல் நாளே தளர்ந்துவிடுவார்கள் என்பதால், தண்ணீர்ப் போத்தலை நேர்த்திக்கடன் பையில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரதத்தன்று கொழுந்து பறிக்கப் போகலாமா?

போகலாம். சஷ்டிக்கு ஆறு நாளும் பேர் விழாமல், அதாவது நாட்கூலி இல்லாமல், வீட்டிலிருக்க எத்தனை பேரால் முடியும்? பகலில் பாலோ பழமோ எடுத்துக்கொண்டு, மாலையில் பீலித் தண்ணீர்க் குழாயில் குளித்துக் கோயிலுக்கு வருபவர்களைத்தான் நான் ஆண்டுதோறும் காண்கிறேன். நடை சாத்தும் நேரத்தை ஏழரைக்குத் தள்ளிவைத்ததும் அவர்களுக்காகவே.